விலையை ஏற்றுவதும் நாமே, இறக்குவதும் நாமே

நத்தார்ப் பண்டிகை நெருங்கும்போது, பிரித்தானியாவில் வாழும் நம்மவர் இல்லங்களில் ஆண்டுதோறும் ஒரு வழக்கு எழுகின்றது. புதிய கைத்தொலைபேசி வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்கும். விளையாட்டுப் பெட்டி வேண்டும் என்று மற்றொரு பிள்ளை கேட்கும். "இதற்கு இவ்வளவு விலையா?" என்பது பெற்றோரின் வினா. "வகுப்பில் எல்லோரிடமும் இருக்கிறதே" என்பது பிள்ளையின் விடை. இருவரும் வெவ்வேறு விடயங்களைப் பேசுவதாகவே எண்ணிக்கொள்வர். உண்மையில் பெற்றோரின் வினாவுக்கான விளக்கம் பிள்ளையின் விடையிலேயே அடங்கியுள்ளது. பலரும் ஒரே வேளையில் விரும்புவதாலேயே அப்பொருள் அவ்விலைக்கு விற்கப்படுகின்றது.

இலத்திரனியற் சாதனங்களின் விலை ஏன் ஏறுகின்றது, ஏன் இறங்குகின்றது என்பதை நாம் பெரும்பாலும் ஆராய்வதில்லை. ஏறினால் வியாபாரியை வைகின்றோம். இறங்கினால் நமது அதிர்ஷ்டம் என்கின்றோம். இவற்றின் பின்னால் ஒரு நியதி உண்டு. அதனைப் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும். பிள்ளைகளுக்கும் தமிழிலேயே எடுத்துச் சொல்லுதல் வேண்டும் என்பது நமது கருத்தாகும். ஏனெனில் இப்பொருள்களுக்கு நாம் கொடுக்கும் பணம், இரவு வேலையிலும் மேலதிக நேர வேலையிலும் கழிந்த நமது வாழ்நாளின் ஒரு பகுதி.

கேள்வியும் நிரம்பலும்

பொருளியலில் 'கேள்வி' என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்றுண்டு. ஒரு பொருளை விரும்புவதோடு அதற்குரிய விலையைக் கொடுக்கும் ஆற்றலும் உடையோர், எவ்வளவு வாங்க முன்வருகின்றனரோ அதுவே கேள்வி எனப்படும். விற்போர் சந்தைக்குக் கொண்டுவரும் அளவு நிரம்பல் எனப்படும். கையில் காசில்லாதவனின் ஆசை கேள்வி ஆகாது. களஞ்சியத்தில் பூட்டிவைத்த பொருள் நிரம்பல் ஆகாது. கேள்வி மிகுந்து நிரம்பல் குறைந்தால் விலை ஏறும். நிரம்பல் மிகுந்து கேள்வி தளர்ந்தால் விலை இறங்கும்.

இந்த அடிப்படை நம்மவர்க்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயம் அறுவடைக் காலத்திற் சந்தையில் வந்து குவியும்போது விலை வீழ்வதையும், பருவம் கடந்தபின் ஏறுவதையும் நமது மூத்தோர் நேரிற் கண்டவர்கள். பொருளின் விலையைத் தீர்மானிப்பது அதனால் வரும் பயனா, அதனை ஆக்குவதற்கான செலவா என்று பொருளியலாளர் நெடுங்காலம் வாதிட்டனர். கேம்பிரிட்ஜ்ப் பேராசிரியர் அல்பிரட் மார்ஷல் 1890 இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஓர் அழகிய உவமை கூறினார். கத்தரிக்கோலின் இரு அலகுகளில் எது தாளை வெட்டுகின்றது என்று வாதிடுவதை ஒத்தது இவ்வாதம் என்பது அவர் கூறியதன் சாரம். இரண்டும் சேர்ந்தே வெட்டுகின்றன.

கூடக் கூடக் குறையும் விதம்

ஆயினும் வெங்காயத்துக்கும் கணினிக்கும் இடையில் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. வெங்காயத்துக்குக் கேள்வி கூடினால் தோட்ட நிலம் ஒரே நாளிற் பெருகிவிடுவதில்லை, விலை ஏறும். இலத்திரனியற் சாதனத்துக்கும் கேள்வி கூடினால் முதலில் விலை ஏறவே செய்யும். ஆனால் அக்கேள்வி சில ஆண்டுகள் நிலைத்து நின்றால், அதுவே விலையை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். ஒரே காரணம் இன்று ஏற்றத்தையும் நாளை இறக்கத்தையும் தருவது எவ்வாறு?

ஒரு புதிய சாதனத்தை ஆக்குவதில் பெருஞ்செலவு அதனை வடிவமைப்பதிலும் தொழிற்சாலையை நிறுவுவதிலும் முடிகின்றது. ஆயிரம் பேர் வாங்கினால் அச்செலவு ஆயிரம் பங்காகப் பிரியும். ஒரு கோடிப் பேர் வாங்கினால் ஒரு கோடிப் பங்காகப் பிரியும். அத்துடன் செய்யச் செய்யத் தொழில் கைவரும். பழுதாகிக் கழிக்கப்படும் பொருள்கள் குறையும். ரி. பி. ரைட் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் விமானத் தொழிலில் இதனை அளந்து 1936 இல் வெளியிட்டார். ஆக்கிய விமானங்களின் மொத்தத் தொகை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும், ஒரு விமானத்துக்குத் தேவைப்படும் உழைப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது என்பது அவர் கண்ட முடிவு. இலத்திரனியலில் வேறொரு பேறும் உண்டு. ஒரு சில்லில் அடக்கப்படும் உறுப்புகளின் தொகை ஆண்டுதோறும் இரட்டித்து வருவதை 1965 இல் கோர்டன் மூர் எடுத்துக்காட்டினார். 1975 இல் அதனை ஈராண்டுக்கு ஒருமுறை எனத் திருத்தினார். அதே அளவான சில்லு மேன்மேலும் கூடுதலான வேலையைச் செய்யத் தொடங்கியது.

கையடக்கக் கல்குலேட்டரின் வரலாறு இதற்கு நற்சான்று. 1971 இல் அமெரிக்காவில் பௌமர் என்னும் நிறுவனம் வெளியிட்ட கல்குலேட்டரின் விலை 240 டொலர். அடுத்த ஆண்டு ஹியூலெட் பக்கார்ட் வெளியிட்ட, விஞ்ஞானக் கணக்குகளுக்குரிய கருவி 395 டொலர். பிரித்தானியாவில் கிளைவ் சின்கிளயர் 1972 இல் வெளியிட்ட மெல்லிய கல்குலேட்டர் ஏறத்தாழ 80 பவுணுக்கு விற்கப்பட்டது. அடுத்த ஆண்டே அவர் வெளியிட்ட மற்றொன்று ஏறத்தாழ 30 பவுணுக்குக் கிடைத்தது. மக்கள் பெருமளவில் வாங்கினர். வாங்குவோர் பெருகியதைக் கண்டு, சில்லு ஆக்கும் நிறுவனங்கள் தாமே கல்குலேட்டர் விற்க வந்தன. போட்டியில் விலை மேலும் வீழ்ந்தது. முன்னோடியாய் நின்ற பௌமர் நிறுவனம் 1975 இல் வங்குரோத்து நிலையை அடைந்தது. இன்று நம் பிள்ளைகள் பாடசாலைப் பையில் எறிந்துவிட்டுச் செல்லும் விஞ்ஞானக் கல்குலேட்டர், அன்று பொறியியலாளர் பலரும் பணம் சேர்த்து வாங்கிய அரும்பொருளாகும்.

இதில் ஓர் உண்மை தெளிவாகின்றது. முதலில் வாங்குவோர் கூடிய விலை கொடுக்கின்றனர். அவர்கள் கொடுத்த பணத்தால் தொழில் வளர்கின்றது. பின்னர் வாங்குவோர் அதன் பயனை நுகர்கின்றனர்.

திடீரென ஏறும் விதம்

இறங்கிவரும் இவ்விலை இடையிடையே திடீரென ஏறுவதும் உண்டு. 1993 ஜூலை மாதம் யப்பானின் நீஹாமா நகரில், சுமிட்டோமோ இரசாயன நிறுவனத்தின் தொழிற்சாலை ஒன்றில் வெடிவிபத்து நேர்ந்தது. சில்லுகளைப் பொதிந்து மூடுவதற்கான ஒருவகைப் பிசினில், உலகத் தேவையின் ஏறத்தாழ 60 வீதம் அங்கேதான் உற்பத்தியானது. செய்தி பரவியதும் கணினி நினைவகச் சில்லுகளின் விலை சில வாரங்களில் ஏறத்தாழ இருமடங்காகியது. ஆனால் கையிருப்பு இருந்தது. வேறு நிறுவனங்கள் உதவின. சில மாதங்களில் உற்பத்தியும் மீண்டது. அஞ்சிய அளவுக்குத் தட்டுப்பாடு வரவில்லை. தட்டுப்பாடு வரும் என்ற அச்சத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்கிக் குவிக்க முயன்றமையே விலையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கியது.

2011 இன் பிற்பகுதியில் தாய்லாந்தில் ஏற்பட்ட பெருவெள்ளத்தில், கணினி வன்தட்டுகளை ஆக்கும் தொழிற்சாலைகள் நீரில் மூழ்கின. உலகின் வன்தட்டு உற்பத்தியில் பெரும்பங்கு அந்நாட்டில் நடைபெற்றமையால், பலவகை வன்தட்டுகளின் விலை சில வாரங்களில் இருமடங்காகியது. இங்கு கேள்வி கூடவில்லை; நிரம்பல் குறைந்தது. ஆயினும் விளைவு ஒன்றே.

2020 இல் பெருந்தொற்றுக் காலத்தில் இதன் மறுபக்கத்தைக் கண்டோம். வீட்டிலிருந்து கற்கவும் தொழில் செய்யவும் நேர்ந்தபோது, உலகம் முழுவதும் ஒரே வேளையில் மடிக்கணினி தேடியது. சில்லுத் தொழிற்சாலை ஒன்றைக் கட்டிமுடிக்க இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும். செலவோ பலநூறு கோடி டொலர். எனவே கேள்வி ஒரு திங்களில் எழுந்தாலும் நிரம்பல் அதே வேகத்தில் எழ முடியவில்லை. அவ்வாண்டு நவம்பரில் ஏறத்தாழ 450 பவுணுக்கு வெளிவந்த பிளேஸ்டேஷன் 5, கடைகளில் வந்த வேகத்திலேயே தீர்ந்தது. வாங்கிப் பதுக்கியோர் அதனை மிகக் கூடிய விலைக்கு மறுவிற்பனை செய்தனர். விளையாட்டுப் பிள்ளைகள் விரும்பும் வரைகலை அட்டைகளை, இலக்க நாணயம் ஈட்டுவோரும் போட்டிபோட்டு வாங்கினர்; அவையும் கடை விலையின் இருமடங்குக்குக்கூடக் கைமாறின. 2022 செப்ரெம்பரில் எதீரியம் என்னும் இலக்க நாணயம் தன் முறையை மாற்றியமைத்தது. அதற்கு அவ்வட்டைகளின் தேவை அற்றுப்போயிற்று. பழைய அட்டைகள் சந்தையில் மலிந்தன. பொருளில் எந்த மாற்றமும் இல்லை. வாங்குவோர் கூட்டம் கலைந்தது, விலையும் கலைந்தது.

அவசரத்துக்குத் தனி விலை

இயற்கையாக எழும் ஏற்ற இறக்கங்களோடு, விற்போர் அறிந்தே வகுக்கும் முறைகளும் உள்ளன. பொறுக்க முடியாதவரிடம் முதலில் உயர்ந்த விலை பெற்று, அவர்கள் வாங்கி முடிந்தபின் விலையை இறக்கி அடுத்த வரிசையினரை அழைப்பது அவற்றுள் ஒன்று. 2007 ஜூன் 29 இல் அமெரிக்காவில் முதல் ஐபோன் விற்பனைக்கு வந்தபோது, அதன் 8 கிகாபைட் வகை 599 டொலர். செப்ரெம்பர் 5 இல் அது 399 டொலராகக் குறைக்கப்பட்டது. பத்து வாரம் பொறுக்க முடியாமைக்கு விலை 200 டொலர். முன்னர் வாங்கியோர் சினந்து எழுந்தமையால், தமது கடைகளிற் பயன்படுத்தத்தக்க 100 டொலர் பற்றை அப்பிள் நிறுவனம் அவர்களுக்கு வழங்க நேர்ந்தது.

விலைக்கும் பெறுமதிக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு நெகிழ்ச்சியானது என்பதை 2011 இல் நடந்த மற்றொரு நிகழ்ச்சி காட்டிற்று. ஹியூலெட் பக்கார்ட் நிறுவனம் ஜூலையில் 499 டொலருக்கு வெளியிட்ட டச்பாட் என்னும் பலகைக் கணினியை வாங்குவார் குறைவு. ஆகஸ்டில் அதனைக் கைவிடுவதாக அறிவித்து, 99 டொலருக்கு விற்றுத்தீர்க்க முனைந்தபோது சில நாட்களிற் கடைகள் வெறுமையாயின. ஐந்து பங்கு விலையில் எவரும் விரும்பாத பொருளை, ஒரு பங்கு விலையில் எல்லோரும் விரும்பினர். கேள்வி என்பது எப்போதும் விலையோடு சேர்த்தே எண்ணத்தக்கது என்பதற்கு இதனைவிடச் சிறந்த பாடம் இல்லை.

இன்னொன்றையும் மறைத்தல் தகாது. எல்லா விலையேற்றமும் கேள்வியால் வருவதில்லை. நினைவகச் சில்லு நிறுவனங்கள் சில, தம்முள் இரகசியமாகப் பேசி விலையை நிர்ணயித்த குற்றத்துக்காக அமெரிக்காவில் தண்டிக்கப்பட்டன. 2005 இல் சாம்சுங் நிறுவனம் 300 மில்லியன் டொலர் தண்டம் செலுத்த உடன்பட்டது. விற்போர் பலராய் இருந்து மெய்யாகவே போட்டியிடும்போதுதான் கேள்வியும் நிரம்பலும் தம் கடமையைச் செய்யும்.

பொறுத்தல் எப்போதும் இலாபமா?

இவற்றையெல்லாம் கூறினால், பொறுத்திருந்தால் எல்லாம் மலியும் என்று சிலர் முடிவுகட்டக்கூடும். அதுவும் முழு உண்மையன்று. 2013 இல் ஏறத்தாழ 350 பவுணுக்கு வந்த பிளேஸ்டேஷன் 4, 2016 இல் மெலிந்த வடிவில் ஏறத்தாழ 260 பவுணுக்குக் கிடைத்தது. ஆனால் அடுத்து வந்த பிளேஸ்டேஷன் 5, 2022 ஆகஸ்டில் பிரித்தானியாவில் 30 பவுண் கூடியது. உலகப் பணவீக்கத்தையும் நாணய மாற்று நிலையையும் சொனி நிறுவனம் காரணமாகக் காட்டிற்று. பொறுத்தவரே கூடக் கொடுக்க நேர்ந்தது.

2025 இன் இறுதி மாதங்களில் நினைவகச் சில்லுகளின் விலை மிகக் கடுமையாக ஏறியது. இங்கு கேள்வி நம் வீடுகளிலிருந்து எழவில்லை. செயற்கை நுண்ணறிவுக்கென அமைக்கப்படும் மாபெரும் தரவு நிலையங்கள் சில்லுகளை மொத்தமாக வாங்கின. இவ்வகைச் சில்லுகளின் பெரும்பகுதியை ஆக்குவோர் உலகில் மூன்று நிறுவனத்தாரே. அவர்களும் தம் ஆலைகளைக் கூடுதல் இலாபம் தரும் வகைகளுக்குத் திருப்பினர். அவர்களுள் ஒன்றாகிய மைக்ரோன், பொதுமக்களுக்கென நடத்திவந்த குரூசியல் வணிகத்தைக் கைவிடுவதாக அவ்வாண்டு டிசெம்பரில் அறிவித்தது. ஒரு மாணவனின் மடிக்கணினி விலையை, அவன் ஒருபோதும் காணாத வாடிக்கையாளர் ஏற்றிவிட்டார் என்பதே இதன் பொருள்.

ஆதலால் நாம் வேண்டுவது கண்மூடிப் பொறுத்திருத்தலை அன்று. காரணம் அறிந்து பொறுத்தலையும், காரணம் அறிந்து வாங்குதலையுமே. திருக்குறளிலே காலமறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுக்கப்பட்டுள்ளது. அரசர்க்கு மட்டுமன்றி இல்லறத்தார்க்கும் அது வேண்டற்பாலது.

இல்லத்திற் செய்யத்தக்கவை

முதலாவதாக, தேவை வேறு, முதலாவதாக வைத்திருக்க வேண்டும் என்னும் விருப்பு வேறு எனப் பிரித்தறிதல் வேண்டும். பாடசாலைப் பயிற்சிக்குக் கணினி இன்றியமையாததாயின், விலை இறங்கும் என்று பிள்ளையின் கல்வியைப் பிற்போடுதல் அறிவுடைமை ஆகாது. ஆனால் நன்றாக இயங்கும் கைத்தொலைபேசி இருக்க, புதிய வகை வெளிவந்த வாரத்திலேயே அதனை வாங்குவது அவசரத்துக்குக் கொடுக்கும் விலையாகும். சென்ற ஆண்டின் வகையும், நம்பத்தக்க கடைகளில் திருத்தி உத்தரவாதத்துடன் விற்கப்படும் பழைய சாதனங்களும், அதே வேலையைக் குறைந்த விலையிற் செய்யும்.

இரண்டாவதாக, விலையை உழைப்பு நேரமாக மாற்றிப் பார்த்தல் நன்று. 2025 ஏப்பிரலில் இந்நாட்டில் 21 வயதும் அதற்கு மேற்பட்ட வயதும் உடையோரின் குறைந்தபட்சச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 12.21 பவுணாக உயர்த்தப்பட்டது. அவ்வீதப்படி 1000 பவுண் பெறுமதியான கைத்தொலைபேசி, வரி கழிபடுமுன்னரே ஏறத்தாழ 82 மணித்தியால உழைப்பாகும். இரண்டு வாரத்துக்கும் மேற்பட்ட முழுநேர வேலை அது. இக்கணக்கைப் பிள்ளைகளைக் கொண்டே செய்விக்கலாம். கண்டித்துக் கூறுவதிலும் அவர்கள் தாமே பிரித்துக் காண்பது மனத்திற் பதியும்.

மூன்றாவதாக, தவணை முறையில் எச்சரிக்கை வேண்டும். 24 மாத ஒப்பந்தத்தில் வாங்கும்போது, வாங்கிய நாளின் விலையையே ஈராண்டும் கட்டுகின்றோம். அதற்குள் கடையில் அப்பொருளின் விலை இறங்கிவிடுகின்றது; புதிய வகையும் வந்துவிடுகின்றது. பழையதற்குக் கடன் முடியுமுன் புதியதற்கு ஆசை பிறக்கின்றது.

நான்காவதாக, மலிவு விற்பனை என்னும் அறிவித்தலை ஆராயாது நம்புதல் கூடாது. 'விட்ச்' என்னும் பிரித்தானிய நுகர்வோர் அமைப்பு, கறுப்பு வெள்ளி மலிவு விற்பனையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. அன்று விற்கப்பட்ட பெரும்பாலான பொருள்கள், ஆண்டின் வேறு நாட்களிலும் அதே விலைக்கோ அதனிலும் குறைவாகவோ கிடைத்தமையை அது எடுத்துக்காட்டியது. இன்று மட்டும் என்னும் சொல், நமது கேள்வியை ஒரே நாளிற் குவிப்பதற்கான தூண்டில் ஆகும்.

எல்லோரும் பொறுத்திருந்தால் முதலில் வாங்குவார் யார், விலைதான் எவ்வாறு இறங்கும் என்று ஒரு மாணவர் கேட்கலாம். நல்ல வினா. முதலில் வாங்கும் வசதியும் விருப்பமும் உடையோர் உலகிற் போதிய அளவு உளர். அவர்களுக்கு நன்றி சொல்வோம். வாடகையும் வீட்டுக் கடனும் ஊரிலுள்ள உறவினர்க்கு அனுப்பும் பணமும் சுமந்து நிற்கும் குடும்பங்கள், அவ்வரிசையில் முன்னே நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. வகுப்பில் எல்லோரிடமும் இருப்பதைத் தன்னிடமும் காண விழையும் பிள்ளையின் மனத்தை நாம் எள்ளவில்லை. அந்த வலி மெய்யானது. ஆயினும் விருந்துகளிலும் விழாக்களிலும் பெரியோராகிய நாமே புதிய கைத்தொலைபேசியை மேசைமேல் எடுத்துவைத்துப் பெருமை பேசிவிட்டு, பிள்ளைகளிடம் மட்டும் அடக்கத்தை எதிர்பார்த்தல் எவ்வாறு பொருந்தும்?

தமிழிலே 'கேள்வி' என்னும் ஒரு சொல் பல பொருள்களைத் தாங்கி நிற்கின்றது. வினாவும் கேள்வி; கற்றோரிடம் கேட்டறிதலும் கேள்வி; சந்தையில் வாங்க முன்வருதலும் கேள்வி. சந்தையின் கேள்வியிற் சேர்ந்துகொள்ளுமுன் மற்றை இரு கேள்விகளையும் நம் இல்லங்களிற் பழக்குவோமாக. இது ஏன் இவ்விலை, இன்று எமக்கு இது வேண்டுமா என்று வினவும் பிள்ளையும், அதற்குச் சினவாது அமர்ந்து விடை தேடும் பெற்றோரும் உள்ள இல்லத்தில், எந்த விளம்பரமும் எளிதிற் புகுந்துவிட முடியாது.